சமூகவியல் படித்தால் என்ன கிடைக்கும்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும் பெற்றோர்களின் பேச்சு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எவ்வளவு பணம், படித்து முடித்தால் என்ன வேலை என்பனவற்றைச் சுற்றியே அது வட்டமிடும். சென்ற ஆண்டு அத்தகைய ஒரு ஞாயிறன்று, திண்டுக்கல் நகரில் பூட்டுத் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் தம் மகளுடன் என்னிடம் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் இத்தகைய வழக்குகள் என்னிடம் வந்து சேர்வது வாடிக்கை.

"சார், பிள்ளை நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். வணிகவியல் எடு என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள். சமூகவியல் படிக்கப் போகிறாளாம். அதைப் படித்தால் என்ன கிடைக்கும்? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

மகள் தலை குனிந்து நின்றாள். ஆயினும் அவள் மனம் மாறுவதாய்த் தோன்றவில்லை.

அன்று நான் கூறிய மறுமொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. "ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு உதவும்" என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அவருடைய கேள்வி என்னைத் தொடர்ந்து வந்தது. தம் உழைப்பின் பெரும்பகுதியை மூன்றாண்டுகளுக்குச் செலவிடப்போகும் ஒரு தந்தை, அச்செலவினால் தம் மகள் பெறுவது யாதென அறிய உரிமையுடையவர் அல்லரோ? இக்கட்டுரை அவருக்கு நான் பட்ட கடனை அடைக்கும் முயற்சி. அவரைப் போன்று கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டிருக்கும் பிற பெற்றோர்க்கும் இது பயன்படலாம்.

வேலை பற்றிய வினா

வேலை பற்றிய கேள்வி தாழ்ந்த கேள்வி அன்று. அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டில் அதுவே முதற்கேள்வி. ஆதலின் அதனை முதலில் கூறிவிடுகிறேன். சமூகவியல் பட்டம் பெற்றவுடன் வேலை வாயிலில் வந்து காத்திராது. பொறியியல் படித்தவர்க்கும் இன்று அது காத்திருப்பதில்லை என்பது வேறு கதை. சமூகவியல் கற்றவர்கள் சமூகப்பணியில் முதுகலை பயின்று, மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் குழந்தைகள் பாதுகாப்புப் பணிகளிலும் சேர்கின்றனர். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐந்நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலர் இருக்க வேண்டும் என விதித்தது. அவ்வாறு தோன்றிய பதவிக்கும் இக்கல்வி துணைசெய்து வந்துள்ளது. இந்திய ஆட்சிப்பணித் தேர்வின் விருப்பப் பாடங்களுள் சமூகவியலும் ஒன்று. சட்டத்திற்கும் இதழியலுக்கும் ஆசிரியப் பணிக்கும் செல்வோரும் உளர். இதற்கு மேல் ஆசை காட்டுவது நேர்மையாகாது.

ஆனால் அந்தத் தந்தை கேட்டது "என்ன வேலை கிடைக்கும்" என்பது மட்டுமன்று; "என்ன கிடைக்கும்" என்பது. அதற்கு விடை அவருடைய பட்டறையிலேயே இருக்கிறது.

பட்டறைக்குள் ஒரு பாடம்

திண்டுக்கல் பூட்டை அறியாத தமிழர் இலர். இரும்புத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, ஒவ்வொரு பூட்டுக்கும் உரிய சாவியைக் கைப்பழக்கத்தாலேயே பொருத்தும் தொழில் அது. மாங்காய்ப் பூட்டு என்றால் முதியோர் முகம் மலரும். 2019-ஆம் ஆண்டு இப்பூட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. குறியீடு வந்த வேகத்தில் கூலி வரவில்லை என்பதையும் கூறத்தான் வேண்டும். அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த மலிவான பூட்டுகள் வந்து கடைகளை நிறைத்துவிட்டன. ஒரு காலத்தில் தெருத் தெருவாகக் கேட்ட அரத்தின் ஒலி இன்று சில வீடுகளில் மட்டுமே கேட்கிறது.

இதை அவ்வீடுகளில் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? "என் மகனுக்குப் பொறுமை இல்லை, பட்டறையில் உட்கார மாட்டேன் என்கிறான்" என்கிறார் தந்தை. "எங்கள் நேரம் சரியில்லை" என்கிறார் தாய். "குடித்தே கெடுத்தான்" என்கிறது அண்டை வீடு. இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை பட்டறையை விட்டுப்போனால் அது அந்தப் பிள்ளையின் குணம்; ஐம்பது வீட்டுப் பிள்ளைகளும் விட்டுப்போனால் அதைக் குணம் என்று சொல்லிவிட முடியுமா? இரும்புத் தகட்டின் விலை, அலிகார் ஆலைகளின் வேகம், முன்பணம் கொடுத்தவர்க்கே பூட்டை விற்க வேண்டிய நிலை ஆகியவற்றை அன்றோ அங்கே ஆராய வேண்டும்?

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் வெளியிட்ட தம் நூலில் இக்கருத்தையே விளக்கினார். ஒருவனுக்கு நேர்ந்த சொந்தத் துன்பத்திற்கும் ஒரு சமுதாயத்தின் பொதுச் சிக்கலுக்கும் உள்ள உறவைக் காணும் கண்ணே சமூகவியல் தரும் பேறு என்பது அவர் துணிபு. அக்கண் திறந்தால், முதலில் வீட்டிற்குள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டுவது குறையும். இது சிறிய பயனா? தம் மகனைச் சோம்பேறி என்று இருபதாண்டுகள் ஏசிவிட்டு, பிற்பாடு அலிகார் பூட்டை அறிந்து வருந்திய தந்தையரை நான் கண்டதுண்டு.

மகளிர் நிலையும் இவ்வாறே. வேடசந்தூர்ப் பகுதியின் நூற்பாலைகளுக்கு நம் ஊர்களிலிருந்து இளம் பெண்கள் வேலைக்குச் சென்றனர். மூன்றாண்டு வேலை செய்தால் இறுதியில் மொத்தமாக ஒரு தொகை என்னும் ஏற்பாட்டிற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயரும் வைத்தனர். அப்பெயரிலேயே முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. வரதட்சணை, மழையின்மை, ஆலையின் தேவை ஆகிய மூன்றும் ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் தலையில் சந்தித்தன. வரதட்சணையைச் சட்டம் தடைசெய்தது 1961-இல்! பெற்றோரைக் கல்நெஞ்சர் என்று பழிப்பதால் இது விளங்காது. பின்னாளில், 2022-இல், ஆடை ஆலைகளில் பெண்களுக்கு நேரும் வன்முறையைத் தடுக்கும் பொருட்டு, பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் ஒன்று ஆலை நிறுவனத்தோடும் வெளிநாட்டு வணிக நிறுவனங்களோடும் செய்துகொண்ட ஒப்பந்தம் 'திண்டுக்கல் உடன்பாடு' என்றே உலகில் பெயர்பெற்றது. ஒவ்வொருத்தியும் தன் விதி என்று எண்ணியிருந்ததைப் பலர் கூடிப் பொதுவழக்காகக் கண்டதால் விளைந்தது அது.

சொந்த ஊருக்குச் சென்ற மாணவர்கள்

சமூகவியல் நூல்களில் ஐரோப்பியர் பெயர்களே நிறைந்திருப்பதால் இது நமக்கு அயலான படிப்பு என்று சிலர் எண்ணுகின்றனர். இந்தியாவில் இத்துறைக்குப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919-இல் தனித்துறை ஏற்பட்டது; பாட்ரிக் கெட்டெஸ் அதன் முதற் பேராசிரியர். ஆனால் அதற்கு முன்னரே தமிழகத்து மாணவர்கள் இப்பணியைச் செய்து முடித்திருந்தனர். இக்கதை நம் பிள்ளைகள் அறியவேண்டிய ஒன்று.

1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகக் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர் வந்தார். தொழிலாளர்கள் கல்வி பெறுவதற்கென ஆக்ஸ்ஃபோர்டில் அமைந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராயிருந்தவர் அவர். நூல்களில் உள்ள ஆங்கில நாட்டுப் பொருளியலைத் தமிழ்நாட்டு மாணவர்க்கு ஒப்பிப்பதில் அவருக்கு மனமில்லை. ஆதலின் 1916-இல் ஒரு வினாப்பட்டியலை மாணவர் கையில் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்று விடைகளைத் திரட்டி வரும்படி பணித்தார். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எத்தனை, என்ன உண்கின்றனர் என்றெல்லாம் அதில் கேள்விகள். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி என்ன கேள்வி என்று அம்மாணவர்கள் முதலில் நகைத்திருக்கவும் கூடும்.

அவர்கள் எழுதிவந்த கட்டுரைகள் 1918-இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாயின. தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடஆர்க்காட்டின் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் மாவட்டத்தின் வடமலைபுரம், நெல்லையின் கங்கைகொண்டான் ஆகிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. இருவேல்பட்டில் படியாட்கள் என்போர் இருந்தனர். திருமணத்திற்கென நிலவுடைமையாளரிடம் கடன் பெற்று, அதைத் தீர்க்க இயலாமல், கடனையும் அடிமைத்தனத்தையும் ஒருங்கே மகனுக்கு விட்டுச்சென்றவர்கள் அவர்கள். அக்காலத்தில் கல்லூரி வரை வந்த மாணவர் பெரும்பாலும் வசதியுள்ள குடும்பத்தார். படியாளை நாள்தோறும் கண்டு வளர்ந்தவர்கள். ஆனால் எத்தனை பேர், எவ்வளவு கடன், எத்தனை தலைமுறை என்று எழுதத் தொடங்கும்போதுதான், கண்டு பழகிய ஒன்று காணத்தக்க ஒன்றாக மாறுகிறது.

அந்நூலின் பயன் அத்தோடு நிற்கவில்லை. 1936-37-இல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் அவ்வூர்களுக்கு மீண்டும் சென்று ஆராய்ந்தனர். இருவேல்பட்டில் 1980-களிலும் 2008-இலும் ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்றனர். படியாள் முறை மறைந்ததும், நிலவுடைமையாளரின் பிடி தளர்ந்ததும், வேளாண்மைக்கு வெளியே பிழைப்புத் தேடுவோர் பெருகியதும் அவ்வாறு பதிவாயின. ஒரு சிற்றூரின் தொண்ணூற்றிரண்டு ஆண்டு வரலாறு, ஒரு மாணவன் விடுமுறையில் நிரப்பிய தாள்களிலிருந்து தொடங்குகிறது! நம் பிள்ளைகளுக்கு விடுமுறையில் நாம் என்ன வேலை தருகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

எந்தத் தெருவிலிருந்து பார்ப்பது?

எண்ணி எழுதினால் மட்டும் போதுமா? போதாது. எண்ணுபவன் எங்கே நின்று எண்ணுகிறான் என்பதும் முக்கியம். சந்திரநாகூரில் பிறந்த ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்தார். அதற்கு ஸ்ரீபுரம் என்று மாற்றுப் பெயரிட்டு, சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றையும் பற்றி அவர் 1965-இல் வெளியிட்ட நூல் இன்றும் மாணவர்க்குப் பாடநூல். அவருக்கு அக்கிரகாரத்தில் தங்க இடம் கிடைத்தது. அதனாலேயே சேரி அவருக்கு எளிதில் திறக்கவில்லை. அக்கிரகாரத்தில் உண்டு உறங்குபவர் சேரிக்குச் சென்று கலந்து பழகுவதை இரு சாராருமே இயல்பாக ஏற்கவில்லை. இக்குறையை அவர் மறைக்காமல் எழுதினார். குறையைச் சொன்னதால் அந்நூலின் மதிப்புக் கூடியதேயன்றிக் குறையவில்லை.

நான் எந்தத் தெருவில் வளர்ந்தேன், எனக்கு எந்த வீட்டுக் கதவுகள் திறக்கும், எவை திறவா என்று ஒரு மாணவி தன்னையே கேட்டுக்கொள்ளப் பழகினால், அதைவிடப் பெரிய அடக்கத்தை எந்தத் தியானம் கற்பிக்கும்?

இவ்விடத்தில் நம் பங்குகளைப் பற்றியும் பேசாதிருக்க இயலாது. தேர் எந்தத் தெரு வழியே செல்கிறது? எந்தத் தெருமுனையில் திரும்பிவிடுகிறது? சப்பரத்தைச் சுமப்பவர் யாவர்? கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? இவற்றுக்கு விடை நம் எல்லோர்க்கும் தெரியும். ஆனால் யாரும் எழுதிவைப்பதில்லை. எழுதாமல் மூடிவைத்தவை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள எறையூரில் 2008 மார்ச்சில் நாம் கண்டோம். ஒரே மறையைச் சார்ந்த இரு தெருவினரின் பூசல் கலவரமாகி, காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். நமக்குள் சாதி இல்லை என்று பிரசங்கத்தில் சொல்வதைவிட, நம் ஊரில் அது எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுவது கடினம். ஆனால் அதுவே நேரிய வழி.

இதற்கு நேர்மாறான காட்சியும் நம்மிடையே உண்டு. திண்டுக்கல் முத்தழகுபட்டியில் புனித செபஸ்தியார் திருவிழாவின்போது, நேர்ச்சையாக வந்த ஆடுகளையும் கோழிகளையும் சமைத்து, ஆயிரக்கணக்கானோர்க்கு அசைவ அன்னதானம் நடைபெறுவதை வாசகர்கள் அறிவர். சமய வேறுபாடின்றி மக்கள் அமர்ந்து உண்கின்றனர். யாரோடு உண்ணலாம், யார் கையால் உண்ணலாம் என்பதில்தான் நம் நாட்டுச் சாதி பெரிதும் வேரூன்றி நின்றது என்று கற்ற மாணவி அப்பந்தியைப் பார்க்கும்போது, அது சோற்றுப் பந்தியாக மட்டும் தோன்றாது. சமைப்பவர் யார், பரிமாறுபவர் யார், இன்று ஒன்றாய் உண்டவர் நாளை ஒரே கிணற்றில் நீர் எடுப்பரோ என்றும் அவள் கேட்பாள். கேட்கட்டும். செபஸ்தியார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விசுவாசம் குலையுமா?

"இப்படிக் கேள்வி கேட்டால் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுவார்களே" என்று ஒரு பெரியவர் என்னிடம் அச்சப்பட்டார். சமூகவியலின் தந்தையருள் ஒருவரான எமில் துர்க்கைம் 1897-இல் வெளியிட்ட நூல், தற்கொலையைப் பற்றியது. ஐரோப்பியப் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டு, புராட்டஸ்டாண்டு சபையினரைவிடக் கத்தோலிக்கரிடையே தற்கொலை குறைவு என்று அவர் காட்டினார். கத்தோலிக்க வாசகர் இதைக் கேட்டு மகிழ்வது இயல்பு. ஆனால் துர்க்கைம் கூறிய காரணம் வேறு: மனிதரை ஒன்றோடொன்று பிணைக்கும் சபை வாழ்வே அவர்களைக் காத்தது என்றார். பின்வந்த ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி சென்று, கத்தோலிக்க ஊர்களில் குடும்பத்தார் தற்கொலையை விபத்து என்று எழுதச்செய்திருக்கலாம் அன்றோ என்று ஐயுற்றனர். அடக்கத் திருப்பலி மறுக்கப்படுமோ என்று அஞ்சிய காலத்தை நினைத்தால் அவ்வையம் தவறென்று தோன்றவில்லை. எண்களையும் அப்படியே விழுங்கக்கூடாது, அந்த எண்ணை யார், எதற்காக எழுதினார் என்று கேட்க வேண்டும் என்பது இதிற் கிடைக்கும் பாடம். பிணைப்பு தளர்ந்த வீட்டில் தனித்துவிடப்பட்டவரைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதும் இதிலேயே இருக்கிறது. பங்கில் செயலாற்றும் மரியாயின் சேனையார்க்கு இது தெரியாததன்று.

திருச்சபையும் இக்கல்வியை அஞ்சியதில்லை. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராயிருந்த சேசு சபைத் துறவி ஜெரோம் டிசூசா அடிகள், 1951-இலேயே இந்தியச் சமூக நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

நானூற்று அறுபத்தேழு கிணறுகள்

திண்டுக்கல்லைச் சுற்றி வாழும் நமக்கு இப்பொருளில் மிக நெருங்கிய சான்று ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

தோல் பதனிடும் தொழில் நம் நகருக்குப் பழையது. ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்டது போய், குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவியது. கெடாதிருக்கும் பொருட்டு உப்பிட்டு வரும் தோல்களைக் கழுவும் நீரிலும் உப்பு; பதனிட்ட நீரிலும் உப்பு, இரசாயனம். அந்நீர் ஓடையிலும் குளத்திலும் விடப்பட்டு, நிலத்தில் இறங்கி, கிணறுகளுக்குள் புகுந்தது. ஊர் மக்களுக்கு இது தெரியாததன்று. "தண்ணீர் கரிக்கிறது", "சோறு மஞ்சளிக்கிறது", "தென்னை காய்க்கவில்லை" என்று பல்லாண்டுகள் புலம்பினர். புலம்பல் அலுவலகங்களில் ஏறவில்லை. மனு கொடுத்தால், "எல்லாக் கிணறுமா கெட்டுவிட்டது? மிகைப்படுத்துகிறீர்கள்" என்று கேட்டால் என்ன விடை சொல்வது?

தொண்டு அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவர்கள் அவ்விடையைத் தேடினர். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களின் 13 ஊர்களில் குடிப்பதற்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட கிணறுகளைக் கணக்கெடுத்தனர். மொத்தம் 467 கிணறுகள். அவற்றுள் மாசுபட்டவை 350. அதாவது நான்கில் மூன்று. இக்கணக்கு, தமிழ்நாட்டுத் தோல் ஆலைகளின் மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றது. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பிலேயே அந்த எண்கள் இடம்பெற்றுள்ளன. பெண்களும் பிள்ளைகளும் குடிநீருக்கு மைல் கணக்கில் நடந்ததையும் அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்நாளில் நீதிமன்றம் அறுதியிட்டது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. சுற்றுச்சூழல் வழக்குகளைக் கற்கும் மாணவர் இந்நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் இன்று இத்தீர்ப்பைப் படிக்கின்றனர்.

இந்த எண்ணில் எனக்கு மிகவும் பிடித்தது 350 அன்று, மீதியுள்ள 117. நல்ல நீர் உள்ள 117 கிணறுகளையும் சேர்த்து எழுதிய காரணத்தினாலேயே 350 என்பது நம்பத்தக்கதாயிற்று. "எல்லாம் கெட்டுவிட்டது" என்று எழுதியிருந்தால் அது இன்னொரு புலம்பலாகவே போயிருக்கும். தனக்குச் சாதகமல்லாத கிணற்றையும் கணக்கில் எழுதும் நேர்மையே முறை. இதற்குப் பட்டம் எதற்கு, படிக்காதவரும் எண்ணலாமே எனலாம். எண்ணலாம்தான். ஆனால் எந்த ஊர்களை எடுப்பது, எதைக் கிணறு என்பது, மாசு என்று எதை வைத்துச் சொல்வது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால் எப்படி நிலைநிறுத்துவது என்பனவற்றை யாரேனும் ஒருவர் அமர்ந்து கற்றிருக்க வேண்டும்.

ஒன்றை மறக்கலாகாது. ஆலைக்குள் தோலைக் கழுவி, கால் வெடித்து நின்ற தொழிலாளியும் நம்மவரே. கிணற்றை எண்ணியவர்கள் அவர் வீட்டையும் எண்ண வேண்டும். ஆலை மூடினால் அவர் பிள்ளை எங்கே போவான் என்ற வினாவும் அதே தாளில் எழுதப்படத்தக்கது. இரண்டையும் ஒருசேர எழுத இயலாதவர் அரைச் சமூகவியலாரே.

கேட்கக் கற்பது

நமக்கு அருகே சின்னாளபட்டியை ஒட்டி, மருத்துவர் டி. எஸ். சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். 1956-இல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் ஏற்பட்டு, 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மாணவர்கள் சில நாட்கள் ஓர் ஊரிலேயே தங்கி, மக்களோடு பழகி வரவேண்டும் என்பது அதன் பாடத்திட்டத்தின் பகுதி. வகுப்பறையில் பத்தாண்டுகள் உட்கார்ந்தாலும் பெற முடியாத ஒன்றை அந்தச் சில நாட்கள் தருகின்றன. அதுவே கேள்வி கேட்கும் கலை.

காலை பத்து மணிக்குச் சென்றால் கூலிக்காரர் வீட்டில் யாரும் இரார். மாலையில்தான் செல்ல வேண்டும். கணவர் திண்ணையில் இருக்கையில் மனைவியிடம் கடனைப் பற்றிக் கேட்டால் உண்மை வராது. "உங்கள் மாத வருமானம் என்ன?" என்றால் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்வார்கள்; "போன வாரம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, நேற்று இரவு என்ன சமைத்தீர்கள்?" என்றால் கணக்குத் தானே விளங்கும். பதினெட்டு வயதில் இவ்வாறு அயலார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, குறுக்கே பேசாமல், தீர்ப்புச் சொல்லாமல், கேட்டதைக் கேட்டபடி எழுதப் பழகியவர், பிற்காலத்தில் செவிலியரானாலும் வங்கி அலுவலரானாலும் பங்குப் பேரவை உறுப்பினரானாலும் வேறு வகை மனிதராயிருப்பார். எத்தனையோ கூட்டங்களில் நாம் காணும் குறை, பேசத் தெரியாமை அன்று, கேட்கத் தெரியாமையே.

இவ்வளவையும் அந்தப் பூட்டுத் தொழிலாளியிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமலேயே அவர் தம் மகளைச் சமூகவியலில் சேர்த்துவிட்டார். மகளின் பிடிவாதம் வென்றதோ, தந்தையின் பாசம் தோற்றதோ, நான் விசாரிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர்கள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். மகள் தரையில் ஒரு பெரிய தாளை விரித்து, தங்கள் தெருவை வரைந்துகொண்டிருந்தாள். எந்தெந்த வீட்டில் முன்பு பட்டறை இருந்தது, எதில் இன்றும் இருக்கிறது, வேலையை விட்டவர் எங்கே சென்றார் என்று குறிக்க வேண்டுமாம். கல்லூரியில் கொடுத்த பணி. இன்று பட்டறை உள்ள வீடுகள் ஏழு என்று எழுதியிருந்தாள். தந்தை அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஏழு இல்லை பாப்பா, எட்டு. கடைசி வீட்டில் வாசலில் பட்டறை கிடையாது. பின்கட்டில் வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாதான் ராவுகிறாள். நீ உள்ளே போய்க் கேட்கவில்லை" என்றார்.

மகள் ரப்பரை எடுத்து அழித்தாள். பிறகு, "அப்பா, பெண்கள் ராவுகிற வீடு இன்னும் எத்தனை?" என்று கேட்டாள். அவர் தரையில் அமர்ந்து, விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.